மூக்கை நுழைக்கும் பிள்ளைகள்: பதின்பருவத் துப்பறியும் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பார்த்த பிறகும் பேனாவை எடுக்காத இளம் எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அரையடி நீளச் சாவி, வௌவால் அடையும் மேல்மாடி என்று மர்மக்கதைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அங்கே தயாராகவே இருக்கின்றன. காரைக்குடியில் சில ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் எழுதும் கதைகளைப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். கோடை விடுமுறை முடிந்ததும் வருபவற்றில் துப்பறியும் கதைகளே மிகுதி. சென்னையிலிருந்து ஐயா (தாத்தா) வீட்டுக்கு வந்த பதினான்கு வயதுப் பையன், அவனைவிடக் கெட்டிக்காரியான அத்தை மகள், காணாமற்போன ஒரு மரகதப் பதக்கம், நள்ளிரவில் கைவிளக்கு, கடைசியில் சுரங்கப்பாதை என்று கதை போகும். நடை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது: அந்தப் பிள்ளைகள் பிறர் வாழ்க்கைக்குள் மூக்கை நுழைப்பதற்கு யாரும் எந்த விலையும் கொடுப்பதில்லை.

இந்தக் குறையை நான் கூர்ந்து பார்ப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்று முடிந்த மறுநாள், வெள்ளிப் பன்னீர்ச்செம்பு ஒன்றைக் காணவில்லை. நானும் என் சித்தப்பா பிள்ளைகள் இருவரும் விசாரணையைத் தொடங்கினோம். பெட்டகத்தின் பித்தளைப் பிடியில் முகப்பவுடரைத் தூவி, வண்ணம் தீட்டும் தூரிகையால் நீவி, கைரேகை எடுத்தோம். தெரிந்தவை எல்லாம் எங்கள் விரல்களே என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. சமையலுக்கு ஒத்தாசையாக வந்துகொண்டிருந்த ஓர் அம்மாளின் துணிப்பை, காலையில் தட்டையாகவும் மாலையில் புடைத்தும் இருப்பதைக் கண்டுபிடித்து, நான்கு நாள் அவர் வீடு வரைக்கும் பின்தொடர்ந்து, நோட்டில் நேரம் குறித்து, அப்பத்தாவிடம் ஒப்படைத்தோம். அப்பத்தா அன்று மாலை அந்தப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே மீந்துபோன பணியாரமும் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும் இருந்தன. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் எடுத்து அடுப்படித் திண்ணையில் வைத்துவிட்டு, பையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பன்னீர்ச்செம்பு தேவகோட்டையிலிருந்து திரும்பி வந்தது. பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர் தம் வீட்டு விசேஷத்துக்காக எடுத்துப் போயிருந்தார். எடுத்ததைச் சாமான் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று துப்பறிவாளர்கள் மூவருக்கும் தோன்றவில்லை. அப்பத்தாவே நேரில் போய் அழைத்தும் அந்த அம்மாள் மீண்டும் வேலைக்கு வரவில்லை.

ஆகவே நான் முதலில் பார்ப்பது, கதையில் யார்மேல் முதல் சந்தேகம் விழுகிறது என்பதைத்தான். காவல்காரர், சமையற்காரர், தோட்ட வேலை செய்பவர், அண்மையில் வாடகைக்கு வந்தவர் என்று பட்டியல் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கிறது. வாசகரைத் திசைதிருப்பப் பொய்யான துப்பு ஒன்று தேவை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொய்த் துப்பாகக் கையாளப்படுபவர் சம்பளத்தையும் நற்பெயரையும் நம்பி வாழும் ஒரு மனிதர். இருபதாம் பக்கத்தில் அவரைச் சந்தேகித்து, அறுபதாம் பக்கத்தில் விடுவித்து, பிறகு அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிடுவதே நான் காணும் தவறுகளில் மிகப் பரவலானது. காணாமற்போன பதக்கம் கிடைத்துவிடும். ஊருக்குள் ஒருமுறை பரவிய பேச்சைத் திரும்பப் பெற முடியாது. சந்தேகிக்கப்பட்டவருக்கு என்ன ஆயிற்று என்ற காட்சியை எழுதாதவரை அந்தக் கதையை முடிந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது வீட்டைப் பற்றிய அறியாமை. ‘பாழடைந்த, ஆளில்லாத வீடு’ என்று எழுதிவிட்டால் பிள்ளைகள் உள்ளே நுழைவதற்கு உரிமை கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இங்கே பூட்டிய வீடு உண்டு. உரிமையாளர் இல்லாத வீடு என்று எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டில் ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மலேசியாவில் இருப்பார், இன்னொருவர் அடுத்த தெருவில் இருந்துகொண்டே மற்ற இருவரோடும் பேசாமல் இருப்பார். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டு தொங்கும். இப்படிப்பட்ட வீட்டில் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி அத்துமீறல் என்பது ஒருபுறம் இருக்க, பங்கு வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தரப்பின் பேரன் மறுதரப்பின் அறைப்பூட்டைத் திறந்துவிட்டான் என்றால் அந்த வழக்கு என்ன ஆகும் என்று எழுதுபவர் யோசிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தால் அதையே கதையாக எழுதுவேன்; பதக்கத்தைத் தேட மாட்டேன்.

முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் இவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாக நிற்கும் கதவுகளைத் திறந்து வைத்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியும். ஒளிந்து கேட்பதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது என்பதைக் கதை எழுதுபவர்கள் கவனிப்பதில்லை. சுரங்கப்பாதையை நான் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை. செல்லரித்த உத்திரங்களையும், கால் வைத்தால் உள்வாங்கும் மேல்தளங்களையும், தூர்ந்துபோய்க் கைப்பிடிச்சுவர் இடிந்த கிணறுகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நள்ளிரவில் கைவிளக்கோடு போகும் பிள்ளைக்குக் கொள்ளையனைவிட அந்த உத்திரமே பெரிய ஆபத்து.

தடயத்தைக் கையாளும் விதத்தில் வரும் பிழைகள் தனி ரகம். உலகின் முதல் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அங்கே அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்திய அதிகாரிகள் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும் பங்காற்றினார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கதைப் பிள்ளைகள் இரத்தக்கறை படிந்த அரிவாளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய்ப் புத்தகப் பைக்குள் வைத்திருந்து, மறுநாள் ஆய்வாளரிடம் பெருமையோடு நீட்டுகிறார்கள். கைக்குட்டை ரேகையைக் காப்பதில்லை, துடைத்துவிடுகிறது. பொருள் எங்கே, எந்த நிலையில், யார் கண்முன் எடுக்கப்பட்டது, அதற்குப் பிறகு யார் யார் கைக்கு மாறியது என்பது தெரியாவிட்டால் குற்றவாளியின் வழக்கறிஞருக்கு அதைவிட நல்ல ஆயுதம் வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வந்து தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்று சொல்கிறது. அவர் வருவதற்குள் அறையைப் பெருக்கி ஆராய்ந்து முடித்த பிள்ளைகள் குற்றவாளிக்கு உதவி செய்தவர்களே. எண்ணம் நல்லதாயிருந்தும் விளைவு அதுதான். செல்பேசியில் எடுத்த காணொளியும் தானாகவே சாட்சியம் ஆகிவிடாது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் முன்வைக்க உரிய சான்றிதழ் வேண்டும். பதிவை வெட்டி, இசை சேர்த்து, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்ட பிறகு எந்தச் சான்றிதழைத் தருவது?

காவல் நிலையக் காட்சிகளில் வரும் தவறுகள் வாசகருக்குத் தவறான பாடத்தையும் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. பதினான்கு வயதுப் பையனையும் பதினைந்து வயதுப் பெண்ணையும் நிலையத்துக்கு வரவழைத்து மேசைக்கு முன்னால் நிறுத்தி விசாரிப்பதாக எழுதுகிறார்கள். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண் பிள்ளையையோ, எந்த வயதுப் பெண்ணையோ, சாட்சியாக விசாரிப்பதற்கு அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறிடத்துக்கு வரும்படி காவல் அதிகாரி கட்டாயப்படுத்த முடியாது. விசாரணைக் காட்சி வேண்டுமென்றால் அது வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்), பெரியவர்கள் சுற்றி நிற்க, ஒருவரும் வாய் திறக்கத் துணியாத அமைதியில் நடக்கட்டும். காட்சியும் அதனால் வலுப்பெறும்.

இதே வரிசையில் வருவது, எல்லோருக்கும் பிடித்த அந்தக் கடைசிப் பக்கம்: மறுநாள் செய்தித்தாளில் பிள்ளைகளின் படம், பெயர், பள்ளியின் பெயர். குற்றத்தின் சாட்சியான குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும், வெளியே ஜாமீனில் வந்திருக்கும் ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகும் பிள்ளையின் வீட்டு அடையாளத்தை ஊருக்கே அறிவிப்பதை எந்த அப்பச்சி (அப்பா) மாலை போட்டுக் கொண்டாடுவார்?

குற்றவாளியைப் பிள்ளைகளே அறையில் பூட்டிவைத்து இரவு முழுவதும் காவல் இருப்பதும் அடிக்கடி வருகிறது. தன் கண்முன்னே பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரைப் பொதுமக்களும் பிடிக்கலாம் என்பது சரி. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் சந்தேகத்தின்பேரில் ஒருவரைப் பூட்டிவைத்தால் குற்றம் செய்தவர் பூட்டியவரே. வளவில் எல்லோரையும் கூட்டி, பையன் விளக்கம் சொல்ல, திருடன் ஆய்வாளர் முன்னிலையில் அழுதுகொண்டே ஒப்புக்கொள்ளும் முடிவுக்கும் இதே கதிதான்: காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது.

இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது ஊகிக்கக் கூடியதே. தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலைப் போன்ற துப்பறிவாளர்கள் வயது வந்தவர்கள். துப்பறிவதையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களுடைய உடையைப் பதினான்கு வயதுப் பையனுக்கு மாட்டிவிட்டால் தோள் தொங்கத்தான் செய்யும். பிள்ளைக்குப் பிள்ளையின் அறிவைக் கொண்டே வழக்குத் துலங்க வேண்டும். 1929இல் வெளிவந்த எரிக் கேஸ்ட்னரின் ஜெர்மானியச் சிறுவர் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரயிலில் பணத்தைப் பறிகொடுத்த பையன் பெர்லின் நகரத்துப் பிள்ளைகளோடு திருடனைப் பின்தொடர்கிறான். ஆனால் முடிவு ஒரு வங்கியில், பெரியவர்கள் முன்னிலையில் நடக்கிறது. பணத்தாள்களைச் சட்டைப்பைக்குள் குண்டூசியால் குத்தி வைத்திருந்ததால் அவற்றில் ஓட்டை இருக்கும் என்பது அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அவன் எவருடைய பூட்டையும் உடைக்கவில்லை.

அந்தக் குண்டூசி ஓட்டைக்கு நிகரானது நம் வீடுகளிலேயே இருக்கிறது. நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் குடும்பத்தின் விலாசத்தை, அதாவது பரம்பரைப் பெயர்களின் முதலெழுத்துகளை, வெட்டி வைப்பது வழக்கம். புளி போட்டு அண்டாவையும் குத்துவிளக்கையும் தேய்த்துக் கை சிவந்த பெண்பிள்ளைக்கு அந்த எழுத்துகள் எந்த இடத்தில் நெளிந்திருக்கும் என்பது மனப்பாடம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒன்றில் ஒரு விளக்கைத் திருப்பிப் பார்க்கும்போது அந்த எழுத்துகள் அவள் விரலில் தட்டுப்பட்டால் அதைவிட என்ன துப்பு வேண்டும்? அவள் செய்ய வேண்டியது விளக்கை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்வது. சிலைத் திருட்டைப் பற்றி எழுதுபவர்களுக்கும் இதையே சொல்வேன். வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போன நம் கோயில் சிலைகள் பலவற்றை அடையாளம் காண உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்துச் சேர்த்த ஒளிப்படங்கள். இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒரு விரலின் உடைசலை ஒப்பிடும் பொறுமை பதினைந்து வயதில் நன்றாகவே இருக்கும். கடத்தல்காரனின் வண்டியில் ஒளிந்து போக வேண்டியதில்லை.

பெரியவரிடம் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சொல்வது அவ்வளவு எளிதென்று நினைப்பதும் ஒரு தவறுதான். விளக்கை விற்றவர் கடன்பட்ட சொந்தச் சித்தப்பாவாக இருந்தால் அவள் யாரிடம் போவாள்? அப்பச்சியிடம் சொன்னால் பங்காளிச் சண்டை, ஆத்தாளிடம் சொன்னால் கண்ணீர், சொல்லாவிட்டால் காவல்காரர் மேல் பழி. அந்த மூன்று நாள் தயக்கத்தை எழுதத் தெரிந்தவருக்குத் துரத்தல் காட்சி தேவைப்படாது. இதற்காகப் பெரியவர்கள் அனைவரையும் செவிடர்களாகவும் காவலர்கள் அனைவரையும் முட்டாள்களாகவும் படைப்பது சோம்பல். கதையில் ஒரு பிள்ளைக்கே தீங்கு நேர்கிறது என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒரு பாத்திரமாவது அழைக்கட்டும். அழைத்த பிறகும் கதை நடக்கும். மறுபக்கத்தில், கடைசியில் தாத்தா ஒருவரை நிறுத்தி இரண்டு பக்கம் அறிவுரை சொல்லவைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கத்தையும் நான் படிக்காமலே அடித்துவிடுவேன்.

அண்மையில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய கதையில், திருட்டுப் பழியைச் சுமந்த காவல்காரரிடம் கதாநாயகி மன்னிப்புக் கேட்கப் போகிறாள். முதல் வரைவில் அவர், “பரவாயில்லை ஆச்சி, சின்னப் பிள்ளைதானே” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த வரி இல்லாமல் ஒருமுறை எழுதிப் பார்க்கும்படி சொன்னேன். திருத்திக் கொண்டுவந்த வரைவில் காவல்காரர் அவளை உட்காரச் சொல்லி முக்காலியை எடுத்துப் போடுகிறார், ஐயாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார், பிறகு வாளியை எடுத்துக்கொண்டு முருங்கைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார். அவள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.