சூறாவளிக் காற்றைத் தாங்கும் அன்ரெனாவைத் தெரிவு செய்தல்

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, தென்னந்தோட்டங்களையே பெருமளவில் சாய்த்துவிட்டது. தொலைபேசிகள் செயலிழந்து, உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தம்முள் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலி உண்மையில் தேவைப்படுவது அத்தகைய நாளில்தான் என்பதால், இக்கரையோரத்தில் அன்ரெனா வாங்குபவர் அதன் ஆதாயத்தை, அதாவது அலைகளை ஒரு திசையில் குவித்து வலுவாக்கும் திறனைப் பார்ப்பதற்கு முன்பு, காற்றுப் படும் பரப்பு எவ்வளவு என்பதையே பார்க்க வேண்டும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. மணிக்கு 60 கிலோமீற்றராக வீசும் காற்று 120 ஆகும்போது அழுத்தம் நான்கு மடங்காகிறது. 200 இல் அது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 190 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். பல கோல்களைக் கொண்ட யாகி அன்ரெனா அரைச் சதுர மீற்றர் பரப்பைக் காட்டினாலும், நூறு கிலோ அளவிலான இழுவையைக் கம்பத்தின் உச்சியில் ஏற்றிவிடும். 2 மில்லிமீற்றர் தடிப்பும் 20 மீற்றர் நீளமும் உள்ள கம்பி அன்ரெனாவின் பரப்போ 0.04 சதுர மீற்றர் மட்டுமே.

ஆகவே மாரிகாலத்துக்கு என் தெரிவு, ஏறத்தாழ 40 மீற்றர் அலைநீளமுள்ள அலைவரிசைக்கான தலைகீழ் 'வி' வடிவ இருமுனை அன்ரெனா; நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து இரு கம்பிக் கைகள் இருபுறமும் சரிந்து இறங்குவது. 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு ஒவ்வொரு கையும் சுமார் 10 மீற்றர் நீளம் வேண்டும்; நடுக்கம்பம் 8 மீற்றர் உயரமிருந்தால் போதும். இந்தத் தாழ்வான உயரம் குறையன்று. அலைகள் செங்குத்தாக மேலெழுந்து, வளிமண்டலத்தின் உயரத்திலுள்ள மின்னேற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், பகலில் கண்டியுடனும் கொழும்புடனும் பேசுவதற்கு அதுவே ஏற்றது.

கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டலாகாது. தொய்வு குறையக் குறையக் காற்றில் அதன் இழுவிசை பன்மடங்காகும். வீட்டு மின்வயரின் மென்செம்பு நீண்டுவிடுமாதலால், உருக்கின்மேல் செம்பு பூசிய கம்பியே நல்லது. ஒரு முனையைத் தென்னையில் கட்டியே ஆகவேண்டுமென்றால், கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி அதன் நுனியில் ஒரு பாரத்தைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது பாரம் ஏறி இறங்குமேயன்றிக் கம்பி அறாது.

கல்லடி, கல்முனை போன்ற மணற்பாங்கான இடங்களில் முளை அடித்து, கம்பத்தைத் தாங்கும் இழுகயிற்றைக் கட்டினால், மழையில் மண் இளகியதும் முளை பிடுங்கிக்கொள்ளும். மூன்று திசைகளிலும் தனித்தனியே கொங்கிறீற்றுக் கட்டையை ஆழப் புதைத்து, கயிறுகளை அவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்குமாதலால் துருப்பிடியா உருக்கு ஆணிகளைப் பயன்படுத்தி, கேபிள் முனைகளை நீர்புகா நாடாவால் இறுகச் சுற்றுங்கள்.

2 மீற்றர் அலைவரிசைக்கு ஒரு மீற்றர் அளவிலான குட்டைச் செங்குத்து அன்ரெனா போதும்.

எந்த அன்ரெனாவானாலும், அடியில் கீல் வைத்துச் சாய்க்கக்கூடிய கம்பத்தில் அமைந்தால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்ததும் இறக்கி வைக்கலாம். கேபிளையும் கருவியிலிருந்து கழற்றிவிடுங்கள். காற்று ஓய்ந்தபின் மீண்டும் ஏற்றும்போது, அறுந்து தொங்கும் மின்கம்பிகள் அன்ரெனாவோ கம்பமோ எட்டும் தூரத்தில் இல்லையென்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.