எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரில் உறுமலும் கரகரப்பும்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

'உம்ம்' என்ற உறுமல் கேட்டதுமே பவர் சப்ளையில் இன்னொரு பெரிய கெப்பாசிட்டரை வைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அது பலிப்பதில்லை. காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் உறுமல் மின்சாரம் வழியாகவும் வரும், ஆடியோ வயர் வழியாகவும் வரும், ஆண்டெனாவிலிருந்து திரும்பியும் வரும். நுழையும் வழி தெரிந்த பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கினால் போதும்.

முதலில் ரேடியோவைச் சந்தேகப்படுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை எடுத்துக்கொண்டு ஐம்பது மீட்டராவது தள்ளிப் போய்க் கேளுங்கள். பக்கத்திலேயே வைத்தால் சிக்னல் அளவுக்கு மீறிப் பாய்ந்து ரேடியோவே கரகரக்கும். மற்ற நிலையங்களிலும் உறுமல் கேட்டால் டிரான்ஸ்மிட்டரைத் திறக்க வேண்டியதில்லை.

அடுத்து ஆடியோ வயரைக் கழற்றிவிட்டு, நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்துச் சால்டர் வைத்த ஆர்.சி.ஏ. பிளக் ஒன்றை இன்புட்டில் செருகுங்கள். உறுமல் நின்றால் அது ஆடியோ பக்கம் வந்தது. நிற்காவிட்டால், செட்டை அணைத்து ஆண்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை (சிக்னலை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் ரெசிஸ்டர்) பொருத்திப் பாருங்கள். ஒரு வாட் செட்டுக்கு 100 ஓம், 2 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டை இணையாக வைத்தால் போதும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது. 100 மெகாஹெர்ட்ஸில் அது காயிலாகவே (கம்பிச் சுருளாகவே) வேலை செய்யும். லோடு இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். டம்மி லோடில் உறுமல் மறைந்தால் ஆண்டெனாவின் சிக்னல் வயர்கள் வழியே திரும்பி வருகிறது. அப்போதும் இருந்தால் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். அதில் மறைந்தால் குற்றவாளி பவர் சப்ளை.

பவர் சப்ளையில் அடிக்கடி ஏமாற்றுவது 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும், 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 7812 ரெகுலேட்டரும் சேர்ந்த ஜோடி. 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 17 வோல்ட். ஏ.சி.யை டி.சி.யாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜில் 1.4 போக மிச்சம் 15.6. ஒரு ஆம்பியர் இழுத்தால் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 10 மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் இறங்கும், பள்ளத்தில் 13.6 வோல்ட்தான் நிற்கும். 7812 ஒழுங்காக வேலை செய்ய 14.5 வேண்டும். ஆகவே ஒவ்வொரு பள்ளத்திலும் ரெகுலேட்டர் கைவிட, 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்) நேராக உள்ளே போகிறது. சாயங்காலம் லைன் வோல்டேஜ் 200க்கு இறங்கும்போது மட்டும் உறுமினால் காரணம் இதுவாகவே இருக்கும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 35 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர், ரெகுலேட்டருக்கு நல்ல ஹீட் சிங்க்: இந்த மூன்றும் போட்டால் 200 வோல்ட்டிலும் பள்ளம் 14.5க்குக் கீழே போகாது.

இத்தனை கறார் ஏன் என்றால், ஒலிபரப்பு அலையை உருவாக்கும் ஆசிலேட்டருக்கு மின்னழுத்தத்தில் வரும் சிறு அசைவும் அலைவரிசை அசைவுதான். ஒரு வோல்ட்டுக்கு 3 மெகாஹெர்ட்ஸ் நகரும் ஆசிலேட்டரின் ட்யூனிங் லைனில் (அலைவரிசையை நிர்ணயிக்கும் மின்னழுத்தம் வரும் வழியில்) வெறும் 1 மில்லிவோல்ட் ரிப்பிள் ஏறினால் 3 கிலோஹெர்ட்ஸ் ஆட்டம். முழு ஒலிக்கான ஆட்டமே 75 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் இது தெளிவாகக் காதில் விழும். எனவே ஆசிலேட்டருக்குத் தனியாக வடிகட்டிக் கொடுங்கள்: சப்ளையில் தொடராக 47 ஓம், அதன்பின் கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட், பக்கத்திலேயே 100 நானோஃபாரட்டும் 1 நானோஃபாரட்டும். 20 மில்லியாம்பியர் இழுக்கும் ஆசிலேட்டருக்கு ஒரு வோல்ட் குறையும், 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் பதினான்கில் ஒரு பங்காகிவிடும்.

டம்மி லோடில் மறைந்த உறுமலுக்கு மருந்து வேறு. ஆண்டெனாவின் சிக்னல் மெயின்ஸ் வயரில் ஏறி, பிரிட்ஜ் டயோடுகள் திறந்து மூடும் தாளத்துக்கு வெட்டுப்படுகிறது. நான்கு டயோடுகளுக்கும் குறுக்கே 10 நானோஃபாரட், 100 வோல்ட் செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். பவர் கார்டையும் ஆடியோ வயரையும் தனித்தனி ஃபெர்ரைட் வளையத்தில் நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். ஆடியோ இன்புட்டில் தொடராக 100 ஓம், அதற்குப்பின் கிரவுண்டுக்கு 470 பிகோஃபாரட்.

ஆடியோ பக்கம் வந்த உறுமல் என்றால், லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் அது எர்த் லூப், அதாவது எர்த் வயரும் ஆடியோ வயரும் சேர்ந்து போடும் மின்வளையம். சார்ஜரையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அதிலும் போகாவிட்டால் நடுவில் 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். எர்த் முள்ளை வெட்டும் வேலை மட்டும் வேண்டாம். இன்சுலேஷன் கெட்டால் ஷாக் அடிப்பது உங்களைத்தான்.

கரகரப்பு வேறு கதை. விட்டுவிட்டு வந்தால் ட்ரை சால்டர்தான் (சரியாகப் பிடிக்காத சால்டர் இணைப்பு) முதல் சந்தேகம். காய்ந்த பிளாஸ்டிக் பேனாவால் போர்டை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் வரும் இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், கம்பியைச் சுற்றி மயிரிழை வளையமாக ஒரு விரிசல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புது ஈயம் வையுங்கள். மேலே பூசினால் மறுபடி விடும். காற்றடிக்கும்போது மட்டும் கரகரத்தால் ஆண்டெனா கனெக்டரைத் திறங்கள். கேபிளின் செம்புப் பின்னல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பளபளக்கும் செம்பு வரும்வரை கேபிளை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

நிற்காமல் 'ஸ்ஸ்' என்று இரைந்தால் பழுது இல்லாமலும் இருக்கலாம். ஆடியோ அளவு குறைவு. கூட்டுங்கள், ஆனால் உரத்த பேச்சில் குரல் பிசிறடிக்கும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். 'ச', 'ஸ' மட்டும் கீச்சிட்டால் ப்ரீ எம்ஃபசிஸ் (கீச்சொலிகளை முன்கூட்டியே உயர்த்தும் அமைப்பு) 75 மைக்ரோசெகண்டில் இருக்கிறதா பாருங்கள், இந்தியாவில் 50.

மேஜையைத் தட்டினால் 'டொங்' என்று கேட்கிறதா? ஆசிலேட்டர் காயில் ஆடுகிறது. அதன்மேல் உருக்கிய மெழுகை ஒரு சொட்டு விட்டு ஆறவிடுங்கள். அலைவரிசை சற்று நகரும் என்பதால் மூடியைப் போட்டபின் மறுபடி சரிபார்த்து, அதன் பிறகே டம்மி லோடைக் கழற்றி ஆண்டெனாவை மாட்டுங்கள். நிலையத்துக்கு உரிமம் இல்லையென்றால் டம்மி லோடோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.