தோழியின் கோழிகள் உங்கள் புழக்கடைக்கு வரும்போது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் குடிபெயரும் குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களை வண்டியில் ஏற்றிவிடுகின்றன, ஆடு மாடுகளை விற்றுவிடுகின்றன. புழக்கடையில் மேய்ந்துகொண்டிருக்கும் நான்கைந்து நாட்டுக்கோழிகளை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் கடைசிவரை நிற்கிறது. மாடியில் இருக்கும் வாடகை வீட்டுக்கு அவற்றைக் கொண்டுபோக முடியாது. கைப்பட வளர்த்தவற்றைப் போச்சம்பள்ளிச் சந்தையில் விற்க மனமும் வராது. அப்படிப்பட்ட தோழி ஒருவர் "நீங்களே வச்சுக்குங்க அக்கா" என்று கேட்டால் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். ஆனால், கோழிகள் கைமாற மூன்று வார காலம் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். தடுப்பூசிக்காகத் தேவைப்படும் அந்த மூன்று வாரத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கோழிகளுக்கான கூடைகளைப் பின்னி முடித்துவிடலாம் என்பதும், கோழிகளைப் பற்றிய அறிவு கைமாறுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பதும் என் உறுதியான கருத்து.

முதல் நாளிலேயே பேசித் தீர்க்க வேண்டியவை சில உண்டு. இந்தக் கோழிகளைக் கறிக்கு அறுக்கலாமா, முட்டைக்கும் குஞ்சுக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதைத் தோழி வாய்விட்டுச் சொல்லட்டும். கூச்சத்தால் இதைப் பேசாமல் விட்டால் பின்னால் வருத்தம் மிஞ்சும். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கோழி ஏதேனும் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அது யார் பொறுப்பில், எந்தத் திருவிழா வரை வளர வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம். பொரிக்கும் குஞ்சுகளில் பாதியைத் திருப்பித் தரும் ‘வாரம்’ என்ற பங்கு முறையும் ஊர்களில் உண்டு. நெருங்கிய தோழியரிடையே கணக்கு வைத்துப் பங்கு பிரிப்பதைவிட, வரும்போதெல்லாம் முட்டை கொடுத்தனுப்புவதே நன்று.

அடுத்தது உடல்நலம். நாட்டுக்கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய், வெளியே நலமாகத் தெரியும் கோழியோடும் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடக்கூடும். முதல் வாரத்தில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, அதற்கு ஒரு வாரம் கழித்து அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டு, அது பலன் தருவதற்கு மேலும் இரண்டு வாரம் விட்டு, அதன் பிறகே கோழிகளை இடம் மாற்ற வேண்டும். பல கோழிகளுக்குப் போதுமான மருந்து ஒரே குப்பியில் வருவதாலும், கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதாலும், அக்கம்பக்கத்துக் கோழிகளையும் அதே நாளில் சேர்த்துக்கொண்டால் மருந்தகத்தில் வேலை எளிதாக முடியும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ள கோழிகளுக்கும் போட்டுவிடுங்கள். கோழி உறங்கி வழிவது, இறக்கை தொங்குவது, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிவது, கழுத்து திருகுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இடமாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது செதிலுக்கடியில் வாழும் உண்ணியின் வேலை. வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சில நாள் தொடர்ந்து தடவி வந்தால் குறையும்.

இனி, கூடைகள். கோழிகளுக்கு இரண்டு வகைக் கூடைகள் தேவை: கவிழ்த்து மூடும் பஞ்சாரம் ஒன்று, முட்டையிடும் கூடைகள் இரண்டு மூன்று. பஞ்சாரத்தை மூங்கில் சிம்புகளால் முடைவதற்குத் தேர்ந்த கை வேண்டும் என்பதால், அதை முடைபவர்களிடமே வாங்கிக்கொண்டு, விளிம்பைத் துணியால் சுற்றித் தைப்பதையும் மேல்வாய்க்கு மூடி செய்வதையும் நீங்கள் ஏற்கலாம். முட்டையிடும் கூடைக்கு நம் பெண்கள் பலருக்கும் கைவந்த ஒயர் கூடையே போதும். சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்த முடியும் என்பதால், இடுக்குகளில் பேனும் செள்ளும் ஒளிந்துகொள்ளும் மூங்கில் கூடையைவிட இதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எளிது. இடைவெளி அதிகமுள்ள பின்னலில் நகம் மாட்டிக்கொள்ளும் என்பதால் நெருக்கமான முடிச்சையே தேர்ந்தெடுங்கள். கைப்பிடி வேண்டாம், உயரம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கோழி உள்ளே உட்கார்ந்து திரும்பும் அளவுக்கு அடி அகலமாக இருக்கட்டும். அடியில் மணலும் அதன்மேல் வைக்கோலும் பரப்பினால் முட்டை உடையாது.

ஒருவருக்கு நெல்லிக்காய் முடிச்சு தெரிந்திருக்கும், மற்றவருக்குச் சிவன் கண் தெரிந்திருக்கும். ஆளுக்கொரு கூடையைத் தொடங்கிப் பாதியில் மாற்றிக்கொண்டால் இருவரும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வீர்கள். கை வேலையில் இருக்கும்போதுதான், கேட்டால் நினைவுக்கு வராத செய்திகள் தாமாக வெளிவருகின்றன: எந்தக் கோழி அடைக்கு நன்றாக உட்காரும், எது வேலிக்குள் ஒளித்து முட்டையிடும், எது மற்றவற்றைக் கொத்தி விரட்டும், கேழ்வரகு இறைக்கும்போது எந்தக் குரலுக்கு எல்லாம் ஓடி வரும். அந்த அழைப்பைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். புதிய இடத்தில் முதல் சில நாட்களுக்கு அது பெரிதும் உதவும். பிரிவின் வருத்தமும் இந்தப் பேச்சில்தான் கொஞ்சம் கரைகிறது, அதற்கு இடம் கொடுங்கள்.

ஒரு கண்டிப்பு: நறுக்கிய ஒயர் துண்டுகளையும் நூல் இழைகளையும் தரையில் விடவே கூடாது. மின்னுகிற எதையும் கோழி கொத்தி விழுங்கும். காலில் சுற்றிய நூல் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலையே இழக்கச் செய்யும். பழைய பாய் ஒன்றை விரித்து அதன்மேல் அமர்ந்து பின்னுங்கள். எழும்போது பாயை உதறாமல், துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கோழிகளைக் கொண்டுவரும் நாளில், இருட்டிய பிறகோ விடியுமுன்போ பிடிப்பது நல்லது. இருளில் அவை அடங்கியிருக்கும். காலைக் கட்டி வண்டியின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். மனிதருக்கு இருப்பதைப் போன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை என்பதால், தலைகீழாக இருக்கும்போது குடலும் ஈரலும் காற்றறைகளின்மேல் அழுந்தி மூச்சுத் திணறுகிறது. காற்றோட்டமுள்ள அகன்ற கூடையில் வைக்கோல் பரப்பி, மேலே பருத்தித் துணி கட்டிக் கொண்டுவாருங்கள். வழியில் சந்தைகளில் நிறுத்த வேண்டாம். அடைகாக்கும் கோழி இருந்தால், பொரிக்கும் இருபத்தோரு நாட்களும் கடந்து குஞ்சுகள் நன்றாக நடமாடும் வரை அதைத் தோழியின் வீட்டிலேயே விட்டுவைப்பது மேல்.

உங்கள் வீட்டில் வேறு கோழிகள் இருந்தால், புதியவற்றை ஒரு மாதம் தனியாக, தள்ளி வையுங்கள். முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுப் பிறகு புதியவற்றிடம் செல்ல வேண்டும். திரும்பும்போது கையையும் காலையும் கழுவ வேண்டும். வேறு கோழிகள் இல்லையென்றால், ஒரு வாரம் கூண்டிலோ வலையடைப்பிலோ வைத்து, பிறகு ஒரு மாலை, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிட்டால், அவை தூரம் போகாமல் அடைய அங்கேயே திரும்பும். சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால் அவை புரண்டு பேனைத் தாமே உதிர்த்துக்கொள்ளும். கீரியும் தெருநாயும் வரும் ஊர் என்றால் இரவில் பஞ்சாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். கதவுள்ள கூண்டு வேண்டும். இடம் மாறிய கோழிகள் சில வாரம் முட்டையிடாமல் இருப்பது இயல்பு, அதற்காகக் கவலைப்படவோ தோழியிடம் குறை சொல்லவோ தேவையில்லை.

எட்டுப் பத்துக் கோழிகளுக்கு ஒரு சேவல் போதும். மிஞ்சும் சேவலை யாரேனும் ஆர்வமாக விலைக்குக் கேட்டால், எதற்கு என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். விலங்குகளை மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது.

தோழி பார்க்க வரும் முதல் நாளை, அந்தத் தனிமை மாதம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரில் அவர் வேறு கோழிகளுள்ள வீட்டிலிருந்து வந்தால் செருப்பை வாசலிலேயே விடச் சொல்லுங்கள். அடுத்த கூடைக்கான ஒயரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்; கோழிகள் பெருகும், கூடைகளும் தேவைப்படும்.