கரையோர வீட்டு விடுதியில தங்கப் போறியளோ? வடமராட்சிக்கு வாறவைக்கு சில விசயங்கள்

லண்டன், டொரண்டோ, பாரிஸ், சூரிச் எண்டு எங்க இருந்து ஊருக்கு வந்தாலும் முந்தி தங்கிறதுக்கு ரெண்டே இடம்தான், ஒண்டு சொந்தக்காரர் வீடு, இல்லாட்டி யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள ஒரு ஹோட்டல். இப்ப பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர் எண்டு கரைப்பக்கமா குடும்பங்கள் தங்கட வீட்டிலயே ரெண்டு மூண்டு அறையைத் திருத்தி, பாத்ரூம் கட்டி, காலமைச் சாப்பாட்டோட குடுக்கினம். என்னைக் கேட்டா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாற ஆக்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனா அது உங்கட மாமி வீடும் இல்லை, ஹோட்டலும் இல்லை. மாமி வீடு எண்டு நினைச்சா காசு குடுக்கிற இடத்தில பிசகும், ஹோட்டல் எண்டு நினைச்சா இரவு பதினொரு மணிக்கு கதவைத் தட்டி சாப்பாடு கேப்பியள். ரெண்டுக்கும் நடுவில எப்பிடி நடந்துகொள்ளுறது எண்டதைத்தான் வடமராட்சிக் கரையை, அதாவது யாழ்ப்பாணக் குடாநாட்டில பருத்தித்துறை இருக்கிற வடகிழக்குப் பக்கத்தை வைச்சு எழுதுறன்.

எப்ப வாறது எண்டதை முதல்ல முடிவெடுங்கோ (தை எண்டா ஜனவரி, மார்கழி எண்டா டிசம்பர் எண்டு ஊர்வழக்கத்திலதான் மாதங்களைச் சொல்லுறன்). பள்ளிக்கூட லீவோட ஆடி ஆவணியில வாற ஆக்கள்தான் கூட, அந்த நேரம் நல்லூரில 25 நாள் திருவிழா, தொண்டைமானாறு செல்வச் சந்நிதி திருவிழாவும் அந்தப் பருவத்திலதான் வரும், அறை கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் விலை ஏறி நிக்கும், அதால கொடியேற்றம் எப்ப எண்டு கலண்டரில பாத்து சித்திரை வைகாசிக்குள்ளயே புக் பண்ணி விடுங்கோ. அது சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கிற காலம், காத்து நல்லா இருக்கும், மணலும் சேந்து வரும், யன்னலைத் திறந்து விட்டிட்டு வெளிய போகாதேங்கோ. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை கடற்கரையில பெரிய பட்டப் போட்டி நடக்கும், பிள்ளையளுக்கு கட்டாயம் காட்ட வேண்டிய ஒண்டு, அந்தக் கிழமையும் அறையள் கெதியா முடிஞ்சிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் மாரி, ஒழுங்கையில வெள்ளம் நிண்டா ஓட்டோ உள்ள வராது, அந்த மழையோட டெங்கும் கூடும், அந்த நேரம் வாறதெண்டா நுளம்பு வலை இருக்கோ எண்டு கேளுங்கோ. எனக்கு எண்டா மாசி, பங்குனிதான் திறம்.

வாற வழி பெருசா சொல்ல ஒண்டுமில்லை. பலாலியை சர்வதேச விமான நிலையமா 2019 ஐப்பசியில திறந்தவை, சென்னையில இருந்து நேர வரலாம், ஆனா ஓடுறது சின்ன ஏடிஆர் பிளேன், லண்டனில இருந்து இழுத்துக்கொண்டு வாற பெட்டியெல்லாம் அதில ஏறுமோ எண்டு டிக்கெட் எடுக்க முதல் பாருங்கோ, இந்திய விசாவையும் மறக்காதேங்கோ. நாகபட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023 இல தொடங்கினது, மாரியில நிப்பாட்டி வைப்பினம். கொழும்பால வாறவை யாழ்ப்பாணத்தில இறங்கி 750 பஸ் எடுத்தா நெல்லியடியால பருத்தித்துறை, முப்பது கிலோமீட்டர் சொச்சம்.

இனி முக்கியமானது. ஏர்பிஎன்பியிலயோ புக்கிங் டொட் கொம்மிலயோ படத்தைப் பாத்தாலும், காசு கட்ட முதல் வீட்டுக்காரரோட வாட்ஸப்பில ஒருக்கா கதையுங்கோ, மெசேஜ் இல்லை, கோல் எடுத்து கதையுங்கோ. அந்த அஞ்சு நிமிசத்தில வீடு எப்பிடி எண்டு பாதி விளங்கும். விலை அறைக்கோ ஆளுக்கோ, காலமைச் சாப்பாடு அதுக்குள்ளயோ, ஏசிக்கு வேறயா எடுப்பினமோ, பாத்ரூம் அறையோடயோ வெளியிலயோ, வயசான அம்மா அப்பா வந்தா கீழ் அறை குடுப்பினமோ, இரவு கேற் எத்தினை மணிக்கு பூட்டுறது, இவ்வளவும் கேட்டிடுங்கோ, கேக்க வெக்கப்படத் தேவையில்லை.

எல்லாத்தையும் விட தண்ணியைப் பற்றிக் கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற நிலத்தடித் தண்ணியை நம்பித்தான் குடாநாடே இருக்கு, கடலுக்கு கிட்டப் போகப் போக கிணத்தில உவர் ஏறும். உவர்த் தண்ணியில சவுக்காரம் நுரைக்காது, தலைமயிர் கயிறு மாதிரி விறைச்சுப் போகும், வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் முதல்நாளே முகத்தைச் சுழிக்கும். தாளையடியில கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கிற நிலையம் 2024 ஆவணியில திறந்தவை, அதுக்காக எல்லா வீட்டுக்கும் பைப் வந்திட்டுது எண்டு நினைக்காதேங்கோ. “குளிக்கிற தண்ணி உவரோ, குடிக்க என்ன தண்ணி தருவியள்” எண்டு நேர கேட்டா அவையும் மறைக்காமல் சொல்லுவினம். குடிதண்ணி வெளியில இருந்து வாங்கி நிரப்பிற வீடெண்டா அதில காலைக் கழுவாதேங்கோ, பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்கோ. கரண்ட் போனா மோட்டர் ஓடாது, தாங்கியில இருக்கிறதுதான் எல்லாருக்கும், அரை மணித்தியாலம் ஷவருக்கு கீழ நிக்கிற பழக்கத்தை அங்கயே விட்டிட்டு வாங்கோ.

சாப்பாட்டுக்குத்தான் நான் இந்த வீடுகளைத் தேடிப் போறது. முதல்நாள் பின்னேரமே வீட்டுக்கார அக்கா வந்து “விடிய என்ன சாப்பிடுறியள், புட்டோ இடியப்பமோ” எண்டு கேப்பா, அப்பவே ஆள் கணக்கையும் நேரத்தையும் சொல்லிடுங்கோ. ஏன் எண்டா விடிய அஞ்சரைக்கே குசினியில வேலை தொடங்கிடும். புட்டு எண்டா வறுத்த மாவுக்கு கொதிதண்ணி விட்டு அகப்பைக் காம்பால கிளறி, சுண்டு எண்ட பேணியால கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில போட்டு அவிப்பினம், பனையோலை வாசத்தோட அது வெள்ளையா மேசைக்கு வரும், பக்கத்தில மாம்பழமோ வாழைப்பழமோ, முட்டைப் பொரியல், சம்பல், இடியப்பம் எண்டா சொதி, உங்கட பிள்ளை பாணும் ஜாமும் கேக்கும் எண்டா அதையும் முதல்நாளே சொல்லுங்கோ, விடிய ஏழு மணிக்கு சொன்னா அந்த மனுசி கடைக்கு ஓடோணும். உறைப்பு குறைக்கச் சொல்லுறதில பிழையே இல்லை, சாப்பிடாமல் மிச்சம் விட்டாத்தான் அவைக்கு மனசு நோகும்.

மத்தியானம் மீன் வேணும் எண்டா அதுவும் முதல்நாள் சொல்லோணும், விடிய கரைக்கு வாற மீனை வாங்கினாத்தான் மத்தியானம் கறி. விளைமீன், ஒட்டி, கணவாய், நண்டு எண்டு என்ன அம்பிட்டுதோ அதுதான், மெனு காட் கேக்காதேங்கோ. மீன் காசு அண்டைய விலைக்கு, அதைத் தனியாக் குடுங்கோ. வெள்ளிக்கிழமையில சைவ வீடுகளில மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்க மாட்டினம், நல்லூர் திருவிழா முடியுமட்டும் மச்சமே வாங்காத வீடுகளும் கனக்க இருக்கு, “வெளியில வாங்கிக்கொண்டு வந்து அறையில சாப்பிடலாமோ” எண்டு கேட்டு அவையைச் சங்கடப்படுத்தாதேங்கோ. காயவைச்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிற ஒடியல் கூழ் ஆசை எண்டா நாலைஞ்சு பேராவது சேருங்கோ, மீன், நண்டு, றால், பயத்தங்காய், பலாக்கொட்டை எண்டு அதுக்குப் போற சாமானும் கூட, வேலையும் கூட, ஒராளுக்கு ஒரு கோப்பை காய்ச்ச ஏலாது. பருத்தித்துறை வடையை மட்டும் கடையில வாங்குங்கோ, தட்டையா மொறுமொறு எண்டு இருக்கும், திரும்பிப் போற பெட்டிக்குள்ளயும் கனநாளுக்கு நிக்கும்.

காசு விசயத்தில ஒண்டு மனசாரச் சொல்லுறன், பேரம் பேசிக் குறைக்காதேங்கோ. சொன்ன விலை கூட எண்டு பட்டா வேற இடம் பாருங்கோ, அது உங்கட உரிமை. ஆனா தங்கி, சாப்பிட்டு, “நாங்களும் ஊராக்கள்தானே அண்ணை” எண்டு கடைசி நாள் குறைக்கக் கேக்கிறது சரியில்லை. அறை கட்டவெண்டு கடன் எடுத்த குடும்பமா இருக்கும், அந்த வரும்படியில பிள்ளை கம்பஸ் போகும். காட் மெசின் இருக்காது, ரூபாவா எடுத்து வையுங்கோ. உடுப்புத் தோய்க்கிறதுக்கும், ஓட்டோ பிடிச்சுத் தாறதுக்கும், கோயிலுக்கு கூட்டிக்கொண்டு போறதுக்கும் கேக்காமலே ஏதாவது குடுங்கோ, சொக்லேட் பெட்டி அதுக்குப் பதில் ஆகாது.

கடல் கிட்ட எண்டு சொல்லி எல்லா இடத்திலயும் இறங்காதேங்கோ. பருத்தித்துறைப் பக்கம் கரையோரம் கல்லு, கால் வெட்டும். காரைநகர் கசூரினா கடற்கரை ஆழமில்லை, சின்னப் பிள்ளையளுக்கு அதுதான் நல்லம். மணற்காடு, வல்லிபுரம் பக்கம் பாக்க வடிவு, மணல் திட்டியளும் மண்ணுக்குள்ள புதைஞ்ச பழைய அந்தோனியார் கோயிலும் பாக்க வேண்டிய இடம்தான், ஆனா அது திறந்த கடல், வாடைக் காத்து அடிக்கிற மாரி மாதங்களில அலை இழுக்கும், காப்பாத்த ஆளும் நிக்காது. எங்க குளிக்கலாம் எண்டு வீட்டுக்கார ஐயாவைக் கேளுங்கோ, அவர் வேண்டாம் எண்டா வேண்டாம்தான். நேவி காம்ப் பக்கம் கமராவை எடுக்காதேங்கோ. மிதிவெடி எண்டு சிவப்புப் பலகை போட்டிருந்தா அந்தப் பக்கம் கால் வைக்கவே கூடாது.

அந்த வீட்டுச் சுவரில மாலை போட்ட படங்கள் இருக்கலாம். இந்தக் கரை சண்டையையும் கண்டது, 2004 மார்கழி 26 சுனாமியையும் கண்டது. யார், எப்பிடி, எந்த வருசம் எண்டு முதல்நாளே துருவிக் கேக்காதேங்கோ, பிள்ளையளும் ஃபோனால படம் எடுக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ. அவைக்குச் சொல்லோணும் போல இருந்தா பின்னேரம் தேத்தண்ணியோட விறாந்தையில இருந்து தாங்களே சொல்லுவினம், அப்ப இருந்து கேளுங்கோ, ஃபோனை வைச்சிட்டுக் கேளுங்கோ.

வெளிக்கிடுற நாளுக்கும் ஒரு சொல். கொழும்பு பஸ் பருத்தித்துறையில இருந்தே இரவில வெளிக்கிடும், அறை மத்தியானத்தோட விடோணும் எண்டா இடையில எங்க இருக்கிறது, பெட்டியை எங்க வைக்கிறது எண்டு முந்தின நாளே கதைச்சிடுங்கோ, அடுத்த ஆக்கள் வராட்டி கனபேர் விடுவினம், வந்தா விறாந்தையில வைக்கலாம். பாக்கிக் காசையும் முந்தின நாள் இரவே கணக்குப் பாத்துக் குடுத்திடுங்கோ, பஸ் வாற நேரம் அவசரத்தில எண்ணினா பிழைக்கும்.