மறைந்தவரின் துப்பறிவாளரை நீங்கள் எழுத வேண்டி வந்தால்

மர்ம நாவல்களுக்கு மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவன் நான். மூன்றாம் பாகத்தில் செத்துப்போன சமையல்காரர் ஏழாம் பாகத்தில் காபி கொண்டுவந்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். ஆசிரியரே மாறினால் கேட்கவே வேண்டாம். மறைந்த எழுத்தாளரின் துப்பறியும் தொடரைத் தொடர வருபவருக்கு அதனால்தான் இந்த யோசனைகள்.

முதலில் உரிமை. எழுதி முடித்துவிட்டு அனுமதி கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு, பிரிட்டனில் 70. அது யார் கையில் இருக்கிறது என்று ஊகிக்கவும் கூடாது. ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் 2004-இல் இறந்தபோது செல்லுபடியாகும் உயில் இல்லை. பல்லாண்டுகள் உடன் வாழ்ந்த ஈவா காப்ரியல்சனை அவர் மணந்திருக்கவில்லை. உரிமை தந்தைக்கும் தம்பிக்கும் போயிற்று. அவர்கள் சம்மதத்துடன் டேவிட் லாகர்கிராண்ட்ஸ் எழுதிய, லார்சன் தொடரின் நான்காம் நாவல் 2015-இல் வந்தது. ஈவா அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். கையெழுத்துப் போடும் முன் குடும்பத்தில் யார் யார் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

பிறகு ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். தொடர் முழுவதையும் வெளியான வரிசையில் படித்து, வயது, வீடு, வண்டி, பழைய காயம், செத்தவர்கள் பட்டியல் என்று பக்கம் பிரித்து எழுதுங்கள். துப்பறிவாளர் ஒருபோதும் செய்யாதவற்றுக்கு என்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வாசகர் உங்களைப் பிடிப்பது அங்கேதான். மீசையை முறுக்கவிட்டால் மட்டும் அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ வந்துவிட மாட்டார்.

அடுத்து, கதையை எந்த ஆண்டில் வைப்பது? அகதா கிறிஸ்டி பொய்ரோவின் மரணத்தையும் எழுதி வைத்திருந்தார். அந்த நாவல் 1975-இல் வெளியானது, கிறிஸ்டி மறைந்தது 1976-இல். ஆக, அந்த மரணத்துக்குப் பிறகு கதை நகர வழியில்லை. பொய்ரோ நாவல்களில் 1928-க்கும் 1932-க்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. குடும்பத்தின் அனுமதியோடு எழுத வந்த சோஃபி ஹானா, 2014-இல் வெளியான தம் முதல் பொய்ரோ நாவலின் கதையை 1929-இல் நடக்கவைத்தார். உங்கள் நோட்டிலும் இப்படி ஒரு காலி இடம் கிடைக்கும், தேடுங்கள்.

எல்லாவற்றிலும் கடினம் நடை. இதில் என் கருத்து திட்டவட்டமானது: செத்தவரின் குரலில் பேச முயலாதீர்கள். ஹானா, வழக்கமாகக் கதைசொல்லும் ஹேஸ்டிங்ஸை அழைக்கவில்லை. ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த கேட்ச்பூல் என்ற புதிய ஆளைப் பேசவைத்தார். நடை மாறியிருந்தால் அது கேட்ச்பூலின் நடை, பொய்ரோ பொய்ரோவாகவே இருக்கிறார். என்ன சாமர்த்தியம்! அமெரிக்காவில் ஆன் ஹில்லர்மன் வேறு வழி பிடித்தார். 2008-இல் மறைந்த தந்தை டோனி எழுதிய நவஹோ பழங்குடிப் போலீஸ் தொடரில் ஓரமாக நின்ற பெர்னடெட் மானுவெலிடோ என்ற பெண் போலீஸை நடுவே கொண்டுவந்து 2013-இல் தொடரை மீண்டும் தொடங்கினார். தொடக்கத்திலேயே மூத்த துப்பறிவாளர் லீப்ஹார்ன் சுடப்படுகிறார். அதை நேரில் பார்ப்பவள் அவள். வழக்கு அவள் கண்வழி நகர்வதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

மறைந்தவர் பாதியில் விட்ட கையெழுத்துப் பிரதி கிடைத்தால் அது வேறு வேலை. அங்கே முடிச்சு அவருடையது, அவிழ்ப்பது மட்டும் உங்களுடையது, குறிப்புகளை மீறாதீர்கள்.

கடைசியாக ஒப்பந்தத்தில் இரண்டு வரி. அட்டையில் உங்கள் பெயர் எந்த அளவில் வரும் என்பது ஒன்று. ராபர்ட் பி. பார்க்கர் மறைந்த பின் அவருடைய துப்பறிவாளர் ஸ்பென்சரை வைத்து ஏஸ் அட்கின்ஸ் எழுதிய நாவல்களில் பார்க்கரின் பெயர் தலைப்போடு சேர்ந்தே வரும். நீங்கள் படைத்த புதிய பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்பது மற்றொன்று. நாளைக்கு உங்கள் கேட்ச்பூலுக்குத் தனி நாவல் எழுத நினைத்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை இன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.