திறக்க மறுத்த டிடபிள்யூஜி கோப்பு

பொறியாளர் அனுப்பிய டிடபிள்யூஜி (ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் கோப்பு வகை) கட்டட வரைபடத்தை என் பழைய மென்பொருள் திறக்கவே மறுத்தது. கோப்பு கெட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. நோட்பேடில் திறந்து பார்த்தேன். புரியாத குறிகள் கொட்டிக் கிடந்தாலும் தொடக்கத்தில் ‘ஏசி1032’ என்பது தெளிவாகத் தெரிந்தது. பதிப்பைச் சொல்வது அதுதான்: 1032 என்றால் ஆட்டோகேட் 2018 வடிவம், 1027 என்றால் 2013, 1015 என்றால் 2000. என்னிடம் இருந்ததற்கு 2013 வரைதான் படிக்கத் தெரியும். (நோட்பேடில் சேமித்துவிடாதீர்கள், நிஜமாகவே கெட்டுவிடும்.)

ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் என்ற இலவசக் கருவியில் 2013 வடிவத்துக்கு மாற்றியதும் திறந்துகொண்டது. சுவர்கள் வந்தன, தூண்களைக் காணோம்! அவை எக்ஸ்ரெஃப் முறையில், அதாவது வரைபடத்துக்குள் சேர்க்காமல் வெளியிலிருந்து இணைத்த தனிக் கோப்பில் இருந்தன. அதையும் கேட்டு வாங்கி, மாற்றி, அதே கோப்புறையில் வைத்ததும் தூண்கள் தத்தம் இடத்தில் நின்றன.