ரவுட்டர் லாக்கில் தெரியாத முகவரிகள்: எங்கிருந்து தேடத் தொடங்குவது

மன்னார்குடிப் பக்கத்து ரைஸ் மில் ஆபீஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு மூன்று கம்ப்யூட்டர், எடைமேடைக்கு ஒன்று, கேமராக் காட்சிகளைப் பதிவு செய்ய டிவிஆர் பெட்டி ஒன்று. எல்லாம் ஒரே ரவுட்டரில். அதன் லாக்கைத் (யார் எப்போது தட்டினார்கள் என்ற பதிவேட்டை) திறந்தால் தெரியாத ஐபி முகவரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பதறிப்போய் ரவுட்டரை அணைத்துவிடாதீர்கள். சின்ன ரவுட்டர்கள் பலவற்றில் லாக் மெமரியில்தான் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே லாக்கை முதலில் ஒரு கம்ப்யூட்டரில் சேமியுங்கள், ரவுட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கடிகாரத்தையும் பாருங்கள்: நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஆண்டு 1970 என்றிருந்தால் ரவுட்டர் சரியான நேரத்தை இன்னும் வாங்கவில்லை.

பிறகு ஒரே ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள்:

02:14:07 டிராப் டிசிபி சின் 203.0.113.45:51344 > நம் ரவுட்டர்:23

இடப்பக்கம் தட்டுகிறவரின் முகவரி, வலப்பக்கம் நம் ரவுட்டர். கோலனுக்குப் பின் வரும் எண் போர்ட், அதாவது கதவு எண். 'சின்' என்றால் புதிதாகத் தொடர்பு கேட்கிறார்கள். 23 டெல்நெட் போர்ட், தொலைவிலிருந்து சாதனத்துக்குள் நுழையும் பழைய வழி. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது இதன் வழியாகத்தான். 'டிராப்' என்றால் ரவுட்டர் உள்ளே விடவில்லை. பொது முகவரி (இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி) உள்ள எந்த ரவுட்டரையும் இப்படி ராப்பகலாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடுப்பது வீண் வேலை, நாளைக்கு வேறொன்றிலிருந்து வரும். வெளி முகவரியின் போர்ட் 443 ஆக (இணையதளங்களின் போர்ட்) இருந்து 'சின்' இல்லாவிட்டால், பெரும்பாலும் அது நாம் திறந்த தளத்தின் தாமதமான பதில்.

கவனம் 'அக்செப்ட்' (உள்ளே விட்டது) வரிகளில் இருக்கட்டும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே விட நாம் திறந்த போர்ட்டுகள்) பட்டியலையும் யுபிஎன்பி (சாதனங்கள் தாமே திறந்துகொண்டவை) பட்டியலையும் திறங்கள். முதலாளி ஃபோனில் கேமரா பார்க்க வேண்டும் என்று, மாட்டியவர் 8000 அல்லது 37777ஐத் திறந்து வைத்திருப்பார். பாஸ்வேர்டு பெட்டியோடு வந்ததாகவே இருக்கும். ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 திறந்திருந்தால் அது இன்னும் ஆபத்து. அந்த கம்ப்யூட்டரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி லாக்கைப் பாருங்கள்: 4625 என்றால் தோற்ற லாகின் முயற்சி, 4624 என்றால் வெற்றி. ஆயிரம் 4625க்குப் பிறகு நடுராத்திரியில் லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப் வழி நுழைவு) என்று ஒரு 4624 வந்திருந்தால், ஆள் உள்ளே வந்தாயிற்று. உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் செய்யும்போது இதே லாக் ஆதாரமாக உதவும்.

உள்ளிருந்து வெளியே போவதையும் பார்க்காமல் விடக் கூடாது. டிவிஆர் தன் பாட்டில் நூற்றுக்கணக்கான முகவரிகளின் 23ஐத் தட்டினால் அது தொற்றிய பெட்டி. மிராய் மெமரியில் மட்டும் வாழ்வதால் அணைத்துப் போட்டால் போய்விடும். பழைய பாஸ்வேர்டோடு மறுபடி இணைத்தால் சில நிமிடங்களிலேயே திரும்பி வரும். கேபிளைக் கழற்றியபடியே ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, ஃபார்வர்டிங்கையும் யுபிஎன்பியையும் எடுத்துவிட்டு, அப்புறம் இணையுங்கள். ஆடிட்டருக்கு 3389க்குப் பதிலாக விபிஎன் (பூட்டிய தனி வழி) போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து உங்கள் பொது முகவரியின் அதே போர்ட்டுகளை ஒரு போர்ட் ஸ்கேனர் ஆப்பால் சோதியுங்கள். ஆபீஸ் வைஃபையிலிருந்தே சோதித்தால் பதில் தப்பாக வரலாம்.